ஏசிக்காக விட்ட இடைவெளி

சென்ற வாரம் மைத்துனருடைய தோட்டத்து ரோஜாக்களுக்கு அட்டைப்பெட்டி சொல்லிவைக்க ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு பெட்டிக் கம்பெனிக்குப் போயிருந்தேன். உள்ளே பெட்டி ஒட்டிய பசை காய்ந்துகொண்டிருந்தது. வெளியே ஓசூருக்கே உரிய தூறல். பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாத தூறல். இரண்டும் கலந்து வந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மூக்கு என்னைக் கேட்காமலே பழைய இடம் ஒன்றுக்குக் கிளம்பிவிட்டது. நான் பின்னால் ஓடிப் பிடிப்பதற்குள், எதிரே கணினியில் என் விலைப்பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்த பெண் கடைசி வரியைத் தட்டிவிட்டுத் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"மொத்தம் போட்டாச்சு. கடைய அடைச்சிரலாம்."

அதுவரை போனில் தெலுங்கிலும் லாரிக்காரரிடம் கன்னடத்திலும் என்னிடம் இந்தப் பக்கத்துத் தமிழிலும் பேசியவள் அவள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் கோவில்பட்டியிலிருந்து வந்தது. அதன் ஏற்ற இறக்கம் எனக்கு மனப்பாடம். பழைய எரிச்சல் ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பொறாமை இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறதே என்று எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வாசனைக்கு வருகிறேன். ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், கல்லூரி மாணவர்களை ஆபீஸ் சாஃப்ட்வேர் சான்றிதழ் தேர்வுக்குத் தயார் செய்கிற மையம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். அந்தச் சான்றிதழின் மேல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருந்த மோகத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். கம்பெனிக்குள் போகிற எல்லாருக்கும் கேட் ஒன்றுதான். உள்ளே போனதும் பாதை பிரியும். ஒன்று மிஷின் லைனுக்கு, ஒன்று கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸுக்கு. அந்தக் கண்ணாடிக் கதவைத் திறப்பது எக்செல்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பவைப்பது எங்கள் வேலை.

இருந்தது ஒரு ஹால். அதை நடுவில் பிளைவுட் பலகை வைத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார் ஓனர் முனிராஜ். பலகை கூரைவரை போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி. காரணம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஓர் ஏசி. ஓசூர் குளிருக்கு ஏசியா என்பீர்கள். அது மனிதர்களுக்கல்ல, கணினிகளுக்கு. தூறல் நாட்களில் அந்தப் பலகை ஊறி, உப்பி, பசையும் மரமுமாக மணக்கும். பலகைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் சண்முகவடிவு.

வடிவு மேடம் கோவில்பட்டிக்காரர். புருஷனுக்கு இங்கே ஒரு டூல்ஸ் கம்பெனியில் வேலை என்பதால் ஓசூர் வந்தவர். ஆளைவிட அவர் குரல்தான் முதலில் மாடிப்படி ஏறி வரும். வந்த கொஞ்ச நாளிலேயே அவருடைய வகுப்பு சிரிக்க ஆரம்பித்துவிட்டது. வகுப்பு என்றால் சிரிக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். பக்கத்து வகுப்பு சிரிக்கும்போது, சிரிக்காத வகுப்பின் முன் நின்று பாருங்கள், தெரியும்.

நான் புத்தகத்திலிருந்து நடத்துவேன். வடக்கு விற்பனை, தெற்கு விற்பனை, கிழக்கு, மேற்கு. எதை விற்றார்கள், யார் விற்றார்கள் என்று நானும் கேட்டதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை. வடிவு மேடமோ ராயக்கோட்டை மண்டியை அப்படியே கட்டங்களுக்குள் இறக்கிவிடுவார். தக்காளி எத்தனை பெட்டி, பீன்ஸ் எத்தனை மூட்டை, எது அழுகியது. சானமாவு காட்டுப் பக்கம் ரோட்டில் யானை நின்று பஸ் தாமதமானால் அன்றைக்கு யானைக்கும் ஒரு வரிசை உண்டு. "யானை எத்தனை மணிக்கு நகந்துச்சு? போடு. டிரைவர் என்ன சொன்னாரு? அதப் போடாத, அது வேண்டாம்!" என்பார். அந்தப் பக்கம் சிரிப்பு பலகையை ஆட்டும். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் அதே முழக்கம்: "மொத்தம் போடாம கடைய அடைச்சிராதீய பிள்ளேளா!" அவருடைய அப்பா மளிகைக் கடைக்காரராம். பட்டியல் என்று ஒன்று இருந்தால் அடியில் மொத்தம் இருந்தே ஆகவேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் இருந்தது.

ஒருநாள் மேற்கு விற்பனையை இறங்குவரிசையில் அடுக்கச் சொல்லிவிட்டு வரிசைக்குள் நடந்தேன். முதல் திரையில் தக்காளி. இரண்டாவது திரையில் தக்காளி. கடைசி பெஞ்சில் கத்திரிக்காயே வந்துவிட்டிருந்தது.

"யாரு தக்காளி போடச் சொன்னது?"

கெலமங்கலத்திலிருந்து வருகிற நாகவேணிதான் எழுந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "பக்கத்துல மேடம் சொன்னாங்க சார். நல்லா இருந்துச்சு. அதான் எல்லாரும் போட்டுக்கினு இருக்கறோம்."

"அப்போ நான் சொன்னது?"

"நீங்க சொன்னது புக்குலயே இருக்குதுங்களே சார்."

முனிராஜிடம் போனேன். பலகையைக் கூரைவரை ஏற்றச் சொன்னேன். "மேல அடச்சிட்டா உங்க பக்கத்துக்கு காத்து எப்படி சார் வரும்? ஏசி அவங்க பக்கம்ல இருக்குது" என்றார். ஏசியும் அவர் பக்கம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வடிவு மேடத்திடமே கேட்டேன். கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே என்று, அத்தனை மரியாதையாக.

"நான் என்ன சார் செய்யட்டும்? எங்க அப்பா கட பஸ் ஸ்டாண்டு ஓரம். கத்தலன்னா யாவாரம் ஆவாது, அப்படியே வளந்துட்டேன்" என்றார். பிறகு தலையைச் சாய்த்து, "நீங்க கொஞ்சம் சத்தமாப் பேசலாம்லா? உங்க பக்கம் ஒரு சத்தத்தையும் காணும். இருக்கீயளா, வீட்டுக்குப் போயிட்டீயளான்னே தெரிய மாட்டேங்கு."

இதை அவருடைய வகுப்பும் கேட்டது. சிரித்தது. என் வகுப்பும் கேட்டது. அதுவும் சிரித்தது. முதல்முறையாக என் வகுப்பு சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி, தங்கள் வளாகத்திலேயே உட்கார்ந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வேண்டும் என்று முனிராஜிடம் கேட்டிருந்தது. "யாரு பேட்ச்சு நல்லா பாஸ் பண்ணுதோ அவங்க போங்க" என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் ஊர் கல்லாவி. ஊர் டீக்கடையில் என்னை 'கம்ப்யூட்டர் சென்டர்ல இருக்கற பையன்' என்பார்கள். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் பையன்தான். கிருஷ்ணகிரி போனால் 'காலேஜ் சார்' ஆகிவிடலாம். வடிவு மேடத்துக்கும் அது வேண்டியிருந்தது. "எனக்குன்னு ஒரு ரூம்பு, சாத்துனா சாத்திக்கிடுத மாதிரி ஒரு கதவு. அது போதும் சார்" என்று ஒருமுறை சாப்பிடும்போது சொன்னார். அந்த ஆசை நியாயமாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சரக்கு. இந்தத் தேர்வைத் திருத்துவது மனிதர் இல்லை, இயந்திரம். சொன்னதைச் செய்தாயா என்று மட்டும் பார்க்கும்; நல்ல எண்ணத்தில் கூடுதலாகச் செய்தாலும் தயவு பார்க்காது. ஆகவே, "கேட்டதை மட்டும் செய். செஞ்சதும் மவுஸிலிருந்து கையை எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாருக்கும் சிரிப்பு வராத வாக்கியம். வரிசைக்குள் நடந்து, ஒவ்வொரு காதருகிலும் குனிந்து, மெதுவாகச் சொல்வேன். மிச்சமெல்லாம், சூத்திரம், அடுக்குதல், வடிகட்டுதல் எல்லாம் என் பிள்ளைகளுக்கு மேலே அந்த ஒரு முழ இடைவெளி வழியாகக் காற்றோடு வந்துகொண்டிருந்தது. நான் தடுப்பதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் நானும் கேட்க ஆரம்பித்திருந்தேன். தக்காளி ஏன் அன்றைக்கு அவ்வளவு அழுகியது என்று தெரியாமல் டீ குடிக்கப் போக மனம் வரவில்லை.

தேர்வு நாளில் ஒரு கேள்வி: பட்டியலைக் கொண்டு பட்டை வரைபடம் போடு. அவ்வளவுதான். வடிவு மேடத்தின் பிள்ளைகள் பட்டியலைப் பார்த்தார்கள். அடியில் மொத்தம் இல்லை. கை தானாகப் போயிருக்கிறது. மொத்தம் போட்டுவிட்டுத்தான் வரைபடம் போட்டார்கள். சின்னச் சின்னப் பட்டைகளுக்கு நடுவில் மொத்தம் என்கிற பட்டை, ஆட்டு மந்தையில் சானமாவு யானை புகுந்த மாதிரி நின்றது. இயந்திரம் தப்பு என்றது. அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பார்கள். மொத்தம் கேட்காத இடங்களிலெல்லாம் மொத்தம் போட்டு, கடையைச் சுத்தமாக அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். திரையில் அப்போதே முடிவு வந்துவிடும் தேர்வு அது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள்.

என் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதும் தெரியும், நான் சொன்னதும் தெரியும். ஏறக்குறைய எல்லாரும் பாஸ்.

முனிராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், இதுல பாதி வடிவு மேடம் வகுப்பு. பலகைக்கு மேல வந்தது" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "ஜெயிச்சும் எப்படிப் பேசறாரு பாருங்க. இதான் மனுசன்" என்றார். நிஜத்தைச் சொல்லி அதற்கும் ஒரு புகழ் வாங்கிக்கொண்டவன் நான். வேறு எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

வடிவு மேடம் பையை எடுத்துக்கொண்டு என் பக்கத்துக்கு வந்தார். கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"கேட்டத மட்டும் செய்யின்னு நீங்க சொன்னது என் பிள்ளேளுக்கும் கேட்டிருந்தா பொழச்சிருக்கும் சார். நீங்கதான் ரகசியமாவே பாடம் நடத்திப்புட்டீய."

பிறகு அவர் அத்திப்பள்ளி தாண்டி ஏதோ கம்பெனிக்கு வேனில் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். நான் கிருஷ்ணகிரி போனேன். தனி அறை, கனமான கதவு, நாலு பக்கமும் செங்கல் சுவர், எனக்கே எனக்கென்று ஓர் ஏசி. கல்லாவி டீக்கடையில் 'காலேஜ் சார்' ஆனேன். பாரூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்காக நெல்லும் கரும்பும் வைத்து ஒரு பட்டியல்கூடத் தயாரித்தேன். முடிவில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொத்தம் போடாம கடைய அடைக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பெட்டிக் கம்பெனிப் பெண் விலைப்பட்டியலை நீட்டும்போது என் முகத்தைப் பார்த்து நின்றாள். "சார், ஓசூர் சென்டர் சார்தான நீங்க? நான் நாகவேணி!" கண்ணாடிக் கதவுக்கு உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். "நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார் இன்னிக்கும் சோறு போடுது. மொத்தம் போடாம கடைய அடைக்காதீங்கன்னு சொல்வீங்களே!"

"அது நான் இல்லம்மா. பக்கத்து ரூம் வடிவு மேடம்."

அவள் யோசித்தாள். "அப்படிங்களா? எனக்கு உங்க மொகந்தான் சார் ஞாபகம் வருது. பேச்சு அவங்களுதா?"

அந்த மையம் இருந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கிருஷ்ணகிரி வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் போனிடம் கேட்கிறார்கள், போன் சூத்திரம் போட்டுத் தந்துவிடுகிறது. வடிவு மேடத்தின் எண் யாரிடமும் இல்லை. வீட்டுக்கு வந்து, மைத்துனருக்காக ரோஜா, பெட்டி, வண்டி என்று வரிசையாக அடித்தேன். அடியில் மொத்தம் போட்டேன், கேட்காமலே. போட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். கூரைவரை ஏற்றிக் கட்டிய சுவர். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.