ஒன்பதாவது வரி

என்ன படித்தாய் என்று கேட்பவர்களுக்கு நான் உண்மையைச் சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, டீச்சருக்கும் படிக்கவில்லை. மருந்து டாங்கியை எப்படிக் கழுவுவது என்று எழுதப் படித்தேன். அதற்கு இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், உயர்தரப் பரீட்சை முடித்தவர்களுக்காகப் பதுளையில் ஒரு டிப்ளோமா வகுப்பு தொடங்கினார்கள். தொழில்நுட்பத் தொடர்பாடல் என்று அதற்குப் பெயர். இயந்திரம், மருந்து, உரம் இவற்றைப் பயன்படுத்தும் விதத்தைச் சாதாரண ஆட்களுக்கு விளங்கும்படி எழுதுவதுதான் படிப்பு. அந்தப் பெயர் எங்கள் தோட்டத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. நோட்டீஸ் படிப்பு என்றே சொன்னார்கள். நான் முதலில் கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்கள் வைத்த பெயரே சரியாக இருந்தது.

லுணுகலையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்தாள். நான் உயர்தரம் எழுதி முடித்த வாரமே கணக்கப்பிள்ளை எங்கள் லயத்துக்கு வந்து, பிள்ளையின் பேரைப் பதிந்துவிடலாமே என்றார். பேர் பதிந்துவிட்டால் தோட்டத்துக்கு நிரந்தர ஆள். அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் அந்தப் பேரைக் கூப்பிடுவார்கள், ஆள் போய் நிற்க வேண்டும், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். சாகும்வரை அதுதான். அம்மா அவரிடம் இரண்டு வருடம் தவணை கேட்டாள். அவர் நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். ஆனால் சர்ட்டிபிகேட் கையில் வராவிட்டால் அடுத்த மாதமே பேர் ஏறிவிடும் என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். ஆக, நான் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறும்போது என் பேரும் என் கூடவே வந்தது.

வகுப்பில் ஒன்பது பேர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பதுளைக் கடைவீதியில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவள் கை படம் வரையும், வாய் ஓயாது. நான் கொண்டுபோகும் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் அவள் தின்பாள், அவள் வீட்டுச் சோற்றை நான் தின்பேன். இருவருமே லாபம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்களுக்குப் பாடம் எடுத்த சேருக்கு இரண்டே சட்டம். முதலாவது, கை எந்த வரிசையில் வேலை செய்யுமோ அந்த வரிசையில் எழுத வேண்டும். இரண்டாவது, எழுதியதை வேறொருவர் செய்து பரீட்சிக்கும்போது தாள்தான் பேச வேண்டும், எழுதியவர் வாய் திறக்கவே கூடாது. திறந்தால் அந்த வேலைக்குப் புள்ளி இல்லை.

முதல் பயிற்சியாக நான் கொழுந்துக் கூடை மாட்டும் விதத்தை எழுதினேன். அதைப் பார்த்து மாட்ட வேண்டியவள் என் கடைவீதிக்காரி. அவள் வாழ்நாளில் கூடையைத் தொட்டதில்லை. 'கயிற்றை மாட்டிக்கொண்டு கூடையை முதுகில் இறக்கவும்' என்று நான் எழுதியிருந்தேன். கயிறு தலையில்தான் மாட்ட வேண்டும் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி, அதையெல்லாம் எழுதுவார்களா? அவள் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்டிப்போட்ட பசு மாதிரி என்னைப் பார்த்து முழித்தாள். சேர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு அன்றைக்குப் பாதி ஒழிந்தது. மீதிப் பாதி ஒழிய இரண்டு வருடம் ஆனது.

கடைசி வருடத்துப் பெரிய வேலைக்கு நான் மருந்து டாங்கியை எடுத்துக்கொண்டேன். தேயிலைக்கு மருந்தடிக்க ஆட்கள் முதுகில் சுமக்கும் டாங்கி. மருந்து கரைப்பது, ஊற்றுவது, அடிப்பது, கழுவுவது என்று ஒன்பது வரி. ஆறு படம். படங்களை என் தோழி வரைந்து தந்தாள், டாங்கி சுமந்த ஆளுக்கு மீசைகூட வைத்திருந்தாள். ஒன்பதாவது வரி இது: 'வேலை முடிந்ததும் டாங்கியைப் பீலியிலோ அதன் மேலுள்ள ஓடையிலோ கழுவாமல், படம் ஆறில் காட்டியவாறு ஒதுக்குப்புறமான குழியருகே கழுவவும்.' பீலி என்பது மலை ஓடைத் தண்ணீர் குழாய் வழியாக லயத்துக்கு வந்து கொட்டும் இடம். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். சேர் தாளைப் பார்த்துவிட்டு, இந்த வகுப்பில் இதுவரை எழுதியவற்றில் இதுதான் மேல் என்றார். நான் அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

பரீட்சை எங்கள் தோட்டத்திலேயே நடந்தது. நிஜ மருந்து வேண்டாமென்று, துணிக்குப் போடும் நீலத்தைத் தோழி தன் வாப்பாவின் கடையிலிருந்து கொண்டுவந்தாள். மருந்தடிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தவர் எங்கள் பக்கத்து லயத்து அண்ணன். டாங்கியை அதற்கு முன் தூக்கியதே இல்லை என்பதால் அவரையே தேர்ந்தெடுத்தோம். விடியற்காலையில் சேர் தாளைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, மருந்தடிக்கப் போகிறவரிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

கணக்கப்பிள்ளை அதைச் சேர்க்கத்தான் செய்தார், தோட்டத்தில் எப்போதும் சேர்க்கிற விதத்தில். தோட்டத்துக்கு வரும் எந்தத் தாளும் ஆள் கைக்குப் போகாது. பெரட்டில் கணக்கப்பிள்ளை அதை உரக்க வாசிப்பார், பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தில் இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுதும்போது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நாலு பேரைக் கூப்பிடுவார், ஒரு வரி வாசிப்பார், மறுபடி நாலு பேர். பேர் கூப்பிட்டதும் வேலையைக் கேட்டுக்கொண்டு ஆட்கள் நடந்துவிடுவார்கள். மருந்தடிக்கிறவர்கள் ஸ்டோருக்குப் போய்ச் சாமான் எடுக்க வேண்டும் என்பதால் அவர்கள் பேர்தான் முதலில். அந்த வரிசையில் கடைசிப் பேரான அண்ணன்கூட நாலாவது வரி வரும்போது களத்திலேயே இல்லை. ஒன்பதாவது வரியைக் கேட்டவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். டாங்கியைத் தொடவே தொடாத அவர்கள் அதைச் சாமி கும்பிடுகிற மாதிரி பயபக்தியோடு கேட்டார்கள். என் மகள் எழுதியது என்று அம்மா பக்கத்தில் நின்றவளை இடித்துச் சொன்னது எனக்குத் தெரிந்தது. படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மீசை வீணாய்ப் போனது.

அண்ணன் கேட்ட மூன்று வரியையும் பிசகாமல் செய்தார். அளவாகக் கரைத்தார், காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார், இரண்டு தேயிலை நிரைக்கு நீலத் தண்ணீரை அடித்து முடித்தார். பிறகு டாங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்கு மேலே ஓடையைப் பார்த்து நடந்தார்.

பகல் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் தண்ணீருக்கு வரும் நேரம். அம்மா குடத்தோடு வரிசையில் நின்றாள். சேரும் நானும் தோழியும் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தோழி என் கையைக் கிள்ளினாள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அண்ணன் நின்றிருப்பார். கொடுத்தால் புள்ளி போகும், சர்ட்டிபிகேட் போகும், பேர் பெரட்டுக்குப் போகும். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அண்ணன் டாங்கியைத் தண்ணீரில் முக்கினார். கொஞ்ச நேரத்தில் பீலி நீலமாகக் கொட்டியது.

பெண்கள் போட்ட சத்தம் ஆலைவரைக்கும் கேட்டிருக்கும். அண்ணனை ஆளுக்கு ஒரு பக்கமாக ஏசினார்கள். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். சேர் கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்த தாளை வாங்கி ஒன்பதாவது வரியைக் காட்டியபோது, அதை நான் கேட்கவே இல்லையே ஐயா என்றார் அண்ணன். அவர் சொன்னது முழுக்க உண்மை. என் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மா குடத்தைக் கவிழ்த்து நீலத் தண்ணீரை ஊற்றிவிட்டு என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ மேல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்த. அது நெச மருந்தா இருந்தாலும் வாய மூடிக்கிட்டு நின்னிருப்பியா?"

மாட்டேன் என்று சொன்னேன். இது வெறும் நீலம் என்று தெரிந்ததால்தான் நின்றேன் என்றேன். அதில் பொய் இல்லை. ஆனாலும் குடத்தில் நீலம் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் நினைத்தது என் பேரைத்தான், அம்மாவின் குடத்தை அல்ல. அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

தாளைத் திருத்தி எழுத சேர் இரண்டு வாரம் தந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், நானோ கறி சமைக்கிற இடத்திலேயே பிறந்துவிட்டு ஏட்டில் சுரைக்காய் போட்டிருந்தேன். முதல் வாரம் முழுக்க நான் வகுப்புக்குப் போகாமல் தினமும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் போய் நின்றேன். பனியில் ஆட்கள் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். யார் எப்போது வருகிறார்கள், யார் எந்தப் பேருக்குப் பிறகு போகிறார்கள், எவ்வளவு நீளமாக வாசித்தால் காது கொடுக்கிறார்கள் என்று கவனித்தேன். பேர் கூப்பிடத் தொடங்குவதற்கு முன், கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமியதும், மொத்தக் களமும் அமைதியாகும் ஒரு சின்ன நேரம் இருந்தது. ஒரு வரிதான் அதற்குள் அடங்கும்.

என்னைக் களத்தில் கண்ட கணக்கப்பிள்ளை, இப்போதே பழகிக்கொள்கிறாயா என்று கேலி செய்தார். நான் சிரித்தேன்.

ஒன்பதாவது வரியைத் தூக்கி முதலில் வைத்தேன். படங்களை எடுத்துவிட்டேன். மற்ற எட்டையும், வாசிப்பவர் ஒரு மூச்சில் சொல்லி, கேட்பவர் ஒரு மூச்சில் திருப்பிச் சொல்லக்கூடிய அளவுக்கு வெட்டினேன். பெரட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே எழுதினேன். முதல் வரி இப்படி வந்தது:

'பீலியில டாங்கிய கழுவாத. கீழ ஆளு குடிக்கிது.'

தோழியிடம் காட்டினேன். தன் படங்கள் போனதற்கு அரை நாள் பேசாமல் இருந்தாள். பிறகு, மீசைக்காரனுக்கு நேரம் சரியில்லை, என்ன செய்ய என்று சொல்லி என் சம்பலில் கை வைத்தாள்.

சேருடன்தான் சண்டை. கடைசியில் செய்வதை முதலில் எழுதியிருக்கிறாயே, இரண்டு வருடமாக நான் கற்றுத்தந்தது இதுதானா என்று சிவப்புப் பேனாவால் முதல் வரியை அடித்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கடைசியில் சொன்னால் அது கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றேன். கை செய்யும் வரிசையில் எழுதச் சொல்கிறீர்கள், ஆனால் அந்தக் கைக்கு உரியவர் நாலாவது வரிக்கு முன்பே களத்தை விட்டுப் போய்விடுகிறார், அவர் இருக்கும் நேரத்தில் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது என்று கேட்டேன். சேரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். உதடு அசைய, சத்தமில்லாமல் எல்லா வரியையும் வாசித்தார். திரும்பி வந்து அடித்த கோட்டின் மேல் 'சரி' என்று எழுதி, மறு பரீட்சைக்கு நாள் குறித்தார்.

இரண்டாவது பரீட்சையன்று கணக்கப்பிள்ளை தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்குக் கண்ணாடியே வேண்டாம் என்றார். தொண்டையைச் செருமினார். களம் அமைதியானது. முதல் வரியை வாசித்தார். அண்ணன் முன்வரிசையில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே, அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். அன்று அவர் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு போய், மலைச்சரிவில் வெட்டியிருந்த குழியருகே டாங்கியைக் கழுவினார். நீலம் குழிக்குள் போனது. பீலி எப்போதும் போலக் கொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். தோழி, இந்தக் கண்ணீரை ஒரு வாளியில் பிடிக்கலாமே என்றாள்.

சர்ட்டிபிகேட் வந்தது. அம்மா அதைக் கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டி, பேர் பதிய வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த இடத்துக்கு வேறு வீட்டுப் பிள்ளையைப் பதிந்தார்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பதுளையில் ஒரு அலுவலகத்தில், தோட்டங்களுக்கு இதே போன்ற தாள்கள் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது.

வேலைக்குப் போன முதல் நாள், விடியும்வரை நல்ல மழை. புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். லயத்துப் பாதையில் இறங்குவதற்குள் கணுக்கால்வரை சேறு. இந்தக் கோலத்தில் ஆபீஸுக்குள் எப்படிக் கால் வைப்பது என்று, பீலிக்கு மேலே ஓடைப் பக்கம் ஒதுங்கிச் செருப்பைத் தண்ணீரில் நீட்டினேன்.

"மொத வரிய மறந்துட்டியா தங்கச்சி? பீலியில கழுவாத. கீழ ஆளு குடிக்கிது."

தேயிலை நிரைக்குள் டாங்கியோடு அண்ணன் நின்றார். இத்தனை மாதமாக இந்த ஒரு தருணத்துக்காகவே அவர் காத்திருந்திருக்க வேண்டும், முகம் அப்படி மலர்ந்திருந்தது. கீழே பீலியடியில் குடத்தோடு அம்மா. அண்ணாந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

சேற்றுச் செருப்போடுதான் பஸ் ஏறினேன். பதுளையில் ஆபீஸ் வாசலிலிருந்து மேசைவரைக்கும் என் கால் தடம் வரிசையாகப் பதிந்தது. மேசையில் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்கள். பேரை யாரும் கூப்பிடவில்லை. பேனாவை எடுத்து நானே எழுதினேன்.