காற்றடித்த பக்கத்து அபோர

ஏரிப் படகில் மீன்பிடி வழிகாட்டியாகச் சேர்ந்த முதல் இலையுதிர்காலத்திலேயே என் வேலை போகப் பார்த்தது. டேனிஷ் ஊரான இக்காஸ்டில் துணித் தொழிற்சாலை மூடியபின் கிடைத்த வேலை அது. படகுகளின் சொந்தக்காரி கிர்ஸ்டன் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“கோடையில ஆரெண்டாலும் மீன் காட்டுவினம். ஒக்டோபரில காட்டினா அடுத்த வருசமும் உனக்கு வேலை” என்றார். அவர் சொன்னது டேனிஷில். என் காதில் விழுந்தது இப்படித்தான்.

நாங்கள் தேடுவது அபோர, உடம்பில் கறுப்பு வரி போட்ட மீன். கோடையில் நாணல் ஓரத்தில் கிடக்கும். தண்ணீர் குளிரத் தொடங்கியதும் சின்ன மீன்கள் ஆழத்துக்கு இறங்கும். காற்று அலையடிக்கிற கரைப் பக்கம்தான் அவை கூடும்; அபோரவும் பின்னாலேயே போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பிழை விட்டேன்.

அந்த ஒக்டோபரில் ஒரு நாள் வந்தவர்கள், பக்கத்து ஊர் பிராண்டேயிலிருந்து யோகன் அண்ணையும் மனைவி ராணி அக்காவும். ஏறியதுமே உளுந்துவடையும் பிளாஸ்க் தேத்தண்ணியும் தந்தார்கள். நம்மாட்களைக் குளிரில் விறைக்க விடுவதா என்று, காற்றுப் படாத நாணல் மறைவில் நங்கூரம் போட்டேன். இரண்டு மணித்தியாலம் போயிற்று. ஒரு மீனும் கடிக்கவில்லை. எதிர்க்கரையில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அங்கே முக்குளிப்பான் பறவைகள் மீனுக்கு மூழ்கி மூழ்கி எழும்பின. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என் கண் போன பக்கம் பார்த்தார்.

“தம்பி, மீன் அங்கயோ?”

“ஓம் அக்கா. ஆனா அங்க சரியான காத்து. நனைஞ்சு போவியள்.”

“குளிருக்குப் பயமெண்டா நாங்கள் வீட்டிலயெல்லோ இருந்திருப்பம். வடையைத் திண்டிட்டு எங்களை ஏமாத்தாதை. படகை எடு.”

யோகன் அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தேன்.

அந்தப் பக்கம் கரைச்சரிவு முடிகிற இடத்தில் எட்டு மீற்றர் ஆழம். ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோலோட் கருவியின் திரையில், அடிமட்டத்துக்குச் சற்று மேலே சின்ன மீன்கூட்டம் திட்டாகத் தெரிந்தது. “அடி முட்ட விட்டு, ஒரு முழம் தூக்குங்கோ” என்றேன். அக்காவின் தூண்டில்தான் முதலில் வளைந்தது. பிறகு எங்கள் கை ஓயவில்லை.

இறங்குதுறையில் கிர்ஸ்டன் நின்றார். தொப்பலாக நனைந்திருந்த அக்கா வாளியைத் தூக்கிக் காட்டி, அடுத்த ஒக்டோபருக்கும் இந்தப் படகு வேண்டும், இந்த ஆளோடு, என்று டேனிஷில் சொன்னார். கிர்ஸ்டன் படகுக்கொட்டிலின் சாவியை என் கையில் வைத்தார்.

புதிதாகப் படகு ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உபசாரத்தைக் கரையில் வைத்துவிட்டு ஏறுங்கள். வந்தவர்களுக்குக் குளிருமா என்று நீங்களே முடிவு கட்டாமல், அவர்களைக் கேளுங்கள்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். அந்த ஈர நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஒக்டோபரில் காற்று எழும்பினால், எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யன்னலைத் திறந்து பார்ப்பேன். “வீடு குளிருது, பூட்டுங்கோ” என்பாள் மனைவி. பூட்டிவிடுவேன். மீன் எந்தக் கரையில் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருக்கும்.