துப்பச் சொன்ன மருந்து

சின்ன வயதில் எனக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, இருந்தது. பெரிய முட்டு இல்லை. இடைக்கிடை இருமல், ஓடினால் நெஞ்சுக்குள் ஒரு விசில். ஆனால் குருநகரில் எங்கள் மாதா கோயில் திருநாளுக்குத் தனிப்பாட்டு எனக்கென்று சொல்லியிருந்தார்கள். அதைக் கெடுக்க அந்த விசிலே போதும்.

கிளினிக்கில் வாயில் வைத்து மூச்சோடு இழுக்கும் இரண்டு பம்ப் தந்தார்கள். நீலம், முட்டு வந்தால் மட்டும். மண்ணிறம், வந்தாலும் வராவிட்டாலும் காலையும் மாலையும். உள்ளே வீங்கிச் சிவந்த மூச்சுக்குழாயை அது மெல்ல மெல்ல ஆற்றுமாம். அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

அந்தத் துப்பலில்தான் பெரியம்மா பிடித்துக்கொண்டார். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எவர் மீனையும் நம்பாதவர் அவர்.

"மருந்தெண்டால் ஏன் துப்பச் சொல்லுறாங்கள்? வாய்க்கு ஆகாதது நெஞ்சுக்கு ஆகுமே?"

வாயில் புண் வராமலிருக்கத்தான் என்றார் அப்பா. "பாத்தியளே, புண் வருமாம்!" என்றார் பெரியம்மா. ஜிம்முக்குப் போகும் அண்ணை வேறு பெட்டியை வாசித்துவிட்டு, "உதிலை ஸ்டெரொயிட் எல்லோ கிடக்கு" என்று எண்ணெய் ஊற்றினார்.

எனக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் விசில் கேட்டபோது பெரியம்மா மண்ணிறத்தைத் தந்து சோதித்தார். விசில் நிற்கவில்லை. "வெறுங்காத்து!" என்று அதைக் கருவாட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நீலத்தை நீட்டினார். உடனே நின்றது. வேறென்ன சாட்சி வேண்டும்?

சில கிழமை சுகமாகத்தான் போயிற்று. திருநாளன்று சாம்பிராணிப் புகையில், முதல் அடியிலேயே மூச்சு முட்டியது. என் பாட்டைப் பக்கத்தில் நின்றவள் பாடினாள். என்ன வெட்கம்! வழிநெடுக அழுதேன். அப்பா வீட்டைத் தலைகீழாக்கிப் பம்பைக் கண்டெடுத்தார். "மச்சாள், இனி உதிலை கை வைக்காதேங்கோ" என்றார் பெரியம்மாவிடம். அன்றிலிருந்து தன் கண்முன்னேதான் அடிக்க வைத்தார்.

அடுத்த திருநாளில் அதே புகைக்கு நடுவே முழுப் பாட்டையும் பாடினேன். பெரியம்மா அழுதேவிட்டார். மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாராம். பெரிய மெழுகுதிரி கொளுத்தினார். நானும் பக்கத்தில் முழந்தாளிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மண்ணிறப் பம்பை நீட்டினார்.

"முட்டு மாறீட்டுதெல்லோ அப்பா, பிறகேன் உந்த வெறுங்காத்து?"

அவர் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துத் தந்தார். அந்த வருடம் முழுக்க நீலப் பம்ப் அலுமாரிக்குள் தூசி பிடித்துக் கிடந்ததை நான் யோசிக்கவேயில்லை.