படத்தில் காற்றுப் பிழை

இன்று வெறும் நிறங்களை மட்டும் பூசிப் பேர்பெற்ற ஓவியர் ஒருவர், இளவயதில் வரைந்த கடற்கரைப் படமொன்று குறிஞ்சிப்பிட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அதை வைத்திருந்தவர் கருவாடு காயவைக்கும் வாடிக் கொட்டகைக்காரர். விடியத் தொடங்கிய வேலை, கை முழுக்க உப்பு, கண்ணில் தூக்கம். எதையும் சொல்லுமுன் முகத்தைத் திருப்பி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வார்.

வாடிச் சுவரில் தொங்கிய படத்தில் கடலும் மணலும் தென்னையும் தெரிந்தன. நடுவில் மட்டும் தடித்த நீலப் பூச்சு.

"அதில என்ன இருந்தது, நானா?" என்று அண்ணன்முறை வைத்துக் கேட்டேன்.

காற்றுப் பார்த்தார். "வள்ளம், மகன். பாய் தெக்க புடைச்சு நிண்டுது, தென்னோலை வடக்க பறந்துது. ரெண்டு காத்து ஒண்டா அடிக்குமா எண்டு கேட்டுட்டன். அவர் அப்பவே வள்ளத்துக்கு மேல நீலத்தைப் பூசி, படத்தை எனக்கே தந்துட்டுப் போயிட்டார்."

ஓவியரின் இப்போதைய படங்களைப் போனில் காட்டினேன். உப்பு விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை பார்த்தார்.

"ஒண்டுலயும் வள்ளம் இல்லையே," என்றார். "நான் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்."

அந்தப் படங்களுக்காகத்தான் அவரை உலகம் கொண்டாடுகிறது என்று சொல்ல வந்தவன், சொல்லாமல் போனைப் பைக்குள் வைத்தேன். ஏனென்றால், காற்றை வைத்துப் படத்தில் பிழை கண்ட அந்த மனிதர், இம்முறை பேசுமுன் காற்றுப் பார்க்கவில்லை.