சிங்க டாக்டரின் வீட்டுக்காரர்

முகப்பேர் கிழக்கில் திருமுருகனின் கிளினிக்குக்கு வழி கேட்பவர்களிடம் முன்பெல்லாம் கடைக்காரர்கள், "நாய்க்குப் பல் பார்ப்பாரே, அவரா?" என்பார்கள். அந்த வேலையில் அவனுக்கு நல்ல பேர். பூந்தமல்லியிலிருந்துகூட ஆட்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது அதே கடைக்காரர்கள், "சிங்க டாக்டரம்மா வீட்டுக்காரர்தானே? நேராப் போய் லெஃப்ட்" என்கிறார்கள்.

சிங்க டாக்டரம்மா என்பது அவன் மனைவி வித்யா. இருவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அறுவை சிகிச்சையில் மெடல் வாங்கியவன் அவன். ரத்தத்தைப் பார்த்ததும் முதல் வருடம் மயங்கி விழுந்தவள் அவள். படிப்பு முடிந்து அவன் கிளினிக் திறந்தான். அவள் கல்லூரியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்தாள். பிறகு கல்லூரிக்கும் ஊருக்கு வெளியே இருந்த மிருகக்காட்சிசாலைக்கும் ஒப்பந்தமாயிற்று. மாணவர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுப்பார்கள், ஆசிரியர்கள் அங்குள்ள மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். அந்தப் பொறுப்பு வித்யாவிடம் வந்தது.

அன்றிலிருந்து காலையில் அவள் வானகரம் பக்கம் பைபாஸ் ஏறிப் போனால், சாயங்காலம் ஒரு கதையோடு வருவாள். கரடிக்குக் கண்புரை, நீர்யானைக்கு வயிற்றுப்போக்கு. திருமுருகன் சோறு பிசைந்தபடி "ம்" கொட்டுவான். ஒருநாள் அவள் புலிக்கு மயக்க மருந்து கொடுத்ததைச் சொன்னபோது, "சாம்பார்ல உப்பு இல்ல" என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவனுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது; அப்புறம் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் வித்யா வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"திரு, ஒரு ஆண் சிங்கத்துக்குக் கோரைப்பல் உடைஞ்சு சீழ் வச்சிருக்கு. ரூட் கெனால் பண்ணா பல்லைக் காப்பாத்தலாம். எங்ககிட்ட அதுக்குக் கை வந்த ஆள் இல்ல. உன்னைக் கூப்பிடலாமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க. வியாழக்கிழமை வர்றியா?"

எத்தனை வருடமாக இந்த வார்த்தைக்கு ஏங்கியிருந்தான்! ஆனால் 'கேட்டேன், சரின்னுட்டாங்க' என்பது முள்ளாகக் குத்தியது. இவள் சிபாரிசில், இவள் பின்னால் நடந்து போய், இவள் மாணவர்கள் முன்னால் நிற்பதா?

"வியாழக்கிழமை எனக்கு ஒரு ஆபரேஷன் இருக்கு" என்றான்.

மேசைமேல் திறந்து கிடந்த அவன் டைரியை அவள் ஒருமுறை பார்த்தாள். "சரி, உதயாவைக் கேட்கிறேன்" என்றாள். அவர்களோடு படித்த உதயகுமார், பேண்டேஜ் துணியைக்கூட நேராக வெட்டத் தெரியாதவன் என்பது திருமுருகனின் கணிப்பு.

வியாழக்கிழமை ஆபரேஷன் எதுவும் இல்லை. ஒரு முயலுக்கு நகம் வெட்டினான். நூம்பலிலிருந்து ஆட்டோ ஓட்டுநர் அருள் தன் நாய்க்கு ஊசி போட வந்திருந்தார். நாயை மேசையில் அமுக்கிப் பிடித்தபடி, "இன்னா சார், அம்மா இன்னிக்கு சிங்கத்துக்கே பல்லு பாக்கறாங்களாமே? நீ இன்னும் நம்ம நாயையே பாத்துகினு கீற" என்று சிரித்தார். வெள்ளந்தியான சிரிப்புதான். திருமுருகன் வேகமாகக் குத்திய ஊசியில் நாய் அலறியது. அவனே வெட்கப்பட்டுப் போய் அதன் தொடையை வெகுநேரம் தேய்த்துக் கொடுத்தான்.

சாயங்காலம் வித்யா சோர்ந்து வந்தாள். அவளே சொல்வாள் என்று பொறுத்துப் பார்த்தான். பிறகு அவனே கேட்டான்.

"என்னாச்சு?"

"உதயா பல்லை எடுத்துட்டான். அவன் மேல தப்பில்ல, நல்லாத்தான் எடுத்தான். ரூட் கெனால் அவனுக்குப் பழக்கமில்ல."

"சிங்கம்?"

"நல்லாருக்கு. இனிமே அந்தப் பக்கம் கோரைப்பல் இல்ல, அவ்வளவுதான்."

திருமுருகன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். நல்ல வேர் இருந்த பல். தன் கை பட்டிருந்தால் இருந்திருக்கும்.

"வித்யா, இன்னிக்கு எனக்கு ஆபரேஷன் எதுவும் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கட்டாயப்படுத்தல?"

"மனசுல கடுப்போட வர்றவன் கையில, மயங்கிக் கிடக்கிற ஒண்ணை எப்படிக் குடுக்கிறது?" கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவனைச் சுட்டது.

அடுத்த சில மாதங்களில் கல்லூரியும் மிருகக்காட்சிசாலையும் சேர்ந்து தனியார் கால்நடை டாக்டர்களுக்கு வனவிலங்கு வைத்தியத்தில் ஒரு குறுகிய காலப் பயிற்சி அறிவித்தன. அவளிடம் சொல்லாமல் திருமுருகன் விண்ணப்பித்தான். சிபாரிசு இல்லாமல் இடம் கிடைத்தது. மிருகக்காட்சிசாலையில் நடந்த முதல் நாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் வித்யா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு எல்லோரையும் போல அவனையும் எழுப்பிக் கேள்வி கேட்டாள்.

"டாக்டர் திருமுருகன், புலிக்கு மயக்கம் தெளியிறப்ப முதல்ல எதைக் கவனிப்பீங்க?"

"மூச்சு, மேடம்."

"அதுக்கும் முன்னாடி?"

அவனுக்குத் தெரியவில்லை. முன் பெஞ்சிலிருந்து ஓர் இளம்பெண், "கூண்டுக் கதவு பூட்டியிருக்கான்னு, மேடம்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவன் காது சிவந்தது. பழைய எரிச்சல் திரும்பியது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை.

மதியம் கேன்டீன் வரிசையில் வித்யா அவன் பின்னால் வந்து நின்றாள்.

"நரி ஒண்ணு சரியா மெல்ல மாட்டேங்குது. சாப்பிட்டுட்டு வாயைத் திறந்து பார்க்கலாமா?"

"இப்பவே போலாம்" என்று அவன் தட்டைத் திரும்ப அடுக்கினான்.