விட்டுக்கொடுக்காத ரேஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். பழைய சிவப்புக் கான்டெஸா ஒன்று உறுமிக்கொண்டு வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் அறுபது வயது அம்மா. பக்கத்தில் அவர் கணவர். இருவரும் இறங்கி டீ வாங்குகிறார்கள்.

"இன்னும் ஓடுதே!" என்கிறேன்.

"கல்யாணத்துக்கு முன்னால செட்டியார்பட்டி ரோட்டுல கார் ரேஸ் விடுவோம். என்னை ஜெயிச்சது இவ ஒருத்திதான்" என்கிறார் கணவர்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்புகிறார். "அவிய வேணும்னே விட்டுக்கொடுத்தாவன்னு இன்னிக்கும் ஊரே சொல்லுது. இந்தத் தம்பி முன்னால உண்மையச் சொல்லுங்க."

"விட்டுக்கொடுக்கவா? ஆக்சிலேட்டர மிதிச்ச மிதியில செருப்பே அந்துபோச்சு. அப்பயும் உன்னைப் பிடிக்க முடியல."

அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சாவியை எடுக்கிறார். ராஜபாளையம் ரோட்டில் ஏறியதும் கார் பறக்கிறது. "ஏட்டி, விரட்டு!" என்று கணவர் கத்துவது டீக்கடை வரைக்கும் கேட்கிறது.