வேல்ஸ் வீட்டுக் குசினி யன்னல்

எங்கள் குடும்பத்துக்கு வேல்ஸில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் விடுமுறை வீடு இருக்கிறது என்று டொரோண்டோவின் ஸ்காபரோவில் சொன்னால், ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "உங்களுக்கென்ன" என்பார்கள். எனக்கென்ன என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

வீடு என் கணவரின் அண்ணனுடையது. அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இங்கிலாந்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடை பிறந்தால் லண்டன், பாரிஸ், டொரோண்டோ என்று சிதறிக் கிடக்கும் குடும்பம் முழுவதும் அங்கே கூட வேண்டும். அது அவருடைய கட்டளை. ஆனால் யாரும் அதைக் கட்டளை என்று சொல்லமாட்டார்கள், "எல்லாரும் ஒண்டா இருக்கிற சந்தோஷம்" என்பார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு மூன்று வேளையும் பசிக்கும். சமைப்பது நான். அத்தானின் மனைவிக்கு முழங்கால் வருத்தம். ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கும் என் மச்சாள், அதாவது கணவரின் தங்கை, "உங்கட கைப்பக்குவம் எனக்கு வராது அண்ணி" என்று சொல்லிவிட்டுத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாள். கைப்பக்குவம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் அடுப்படிப் பக்கம் போகாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லம் ஒன்றில். வருடம் முழுவதும் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, எனக்குக் கிடைப்பது மூன்று கிழமை, இருபத்தொரு நாள் விடுமுறை. அதைக் கொண்டுபோய் இன்னொருவரின் குசினியில் கொட்டுவேன். என் சூட்கேஸில் உடுப்புக்கு ஒரு மூலைதான். மிச்சமெல்லாம் தமிழ்க் கடைப் பிளாசாவில் வறுத்துத் திரித்த கறித்தூள், பனங்கிழங்கில் செய்த ஒடியல் மா, இடியப்பத் தட்டு.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். யன்னல் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தக் குசினி யன்னலுக்கு நேரே கடல். வீடு வாங்கிய முதல் கோடையில் நான் யன்னலைத் திறந்து வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி எழுந்து வந்து தன் யன்னலைச் சாத்தினார். அதை அத்தான் கண்டுவிட்டார்.

"மணம் போகுது பிள்ளை. வெள்ளையள் வாய் திறந்து சொல்லமாட்டினம். மனசுக்குள்ள வைச்சிருப்பினம்," என்று வந்து என் யன்னலை இறுக்கிப் பூட்டினார்.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. அடுப்பு எரிந்தால் யன்னல் பூட்டியிருக்க வேண்டும், கதவுக்குக் கீழே ஈரத் துவாய் வைக்க வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எப்போது அணைந்தது, யன்னல் திறப்பதற்கு? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நம்பிய படித்த மனிதர் அவர். கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருக்கும். முழங்கையால் துடைத்தால் கொஞ்சம் கடல் தெரியும், அடுத்த சட்டி கொதித்ததும் மறைந்துவிடும். எப்போதாவது கால் நனைக்க இறங்கிப் போனால், தேத்தண்ணி வேணுமாம் என்று பின்னாலேயே ஆள் வரும்.

இந்த வருடம் டிக்கெட் போடுவதற்காக மச்சாள் வீட்டில் கூடியிருந்தோம். அத்தான் போனில், ஸ்பீக்கரில். மச்சாள் கம்ப்யூட்டரில் ஆட்களின் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தாள். என் பெயருக்கு வந்தபோது சொன்னேன்.

"நான் இந்த முறை வரேல்லை."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுகமில்லையா என்று கேட்கவில்லை. மச்சாள் கீபோர்டில் வைத்த கையை எடுக்காமலே கேட்டாள்: "அப்ப சமையல்?"

"உவ பகிடிக்குச் சொல்லுறா," என்றார் என் கணவர்.

"பகிடி இல்லை."

போனிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "பிள்ளை, குடும்பமெண்டா அட்ஜஸ்ட் பண்ணத்தான் வேணும்."

"நீங்கள் ஒருக்கா அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்கோ அத்தான்," என்றேன்.

என் மகள் மட்டும் சோபாவில் இருந்தபடி, "அம்மா, இட்ஸ் யுவர் வெக்கேஷன். போகாதேங்கோ," என்றாள். காரில் டோர்செட் பார்க்கில் இருக்கும் எங்கள் மாடிக் குடியிருப்புக்குத் திரும்பினோம். லிஃப்டுக்குள் வைத்துத்தான் கணவர் வாயைத் திறந்தார். "அண்ணையோட கதைக்கிற கதையே அது?" அண்ணை என்னோடு கதைத்த கதையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவர்கள் போனார்கள். மகளும் கசின்களைப் பார்க்கப் போனாள். நான் போகவில்லை. ஒருநாள் பிளாசாவில் வேறு யாரோ பொரித்த மீன் ரோல்ஸ் இரண்டு வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, ஸ்காபரோ மலைமுகட்டுக்குக் கீழே ஏரிக்கரைக்குப் போனேன். கடல் இல்லைதான். உப்பும் இல்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்தால் தேத்தண்ணி கேட்டு ஆள் வராது. முதல் ரோலை முடிக்கும்போது போன் அடித்தது. கணவர்.

"பக்கத்து வீட்டு மனிசி வந்து உம்மைக் கேட்டவ."

"என்னை ஏன்?"

"ஒவ்வொரு கோடையும் உங்கட வீட்டிலயிருந்து நல்ல மணம் வருமே, இந்த முறை இல்லை, சமைக்கிறவவுக்கு ஏதும் வருத்தமோ எண்டு கேக்கிறா. அந்த மணத்துக்காகவே மத்தியானத்தில தோட்டத்தில வந்து இருப்பாவாம்."

"அப்ப ஏன் அண்டைக்கு யன்னலைச் சாத்தினவ?"

"அதையும் கேட்டனான். மீன் மணத்துக்கு கடற்பறவையள் வந்து அவவின்ர குசினிக்குள்ள பூந்திடுமாம். அதுக்குத்தானாம்." அவர் சிரித்தார். "அண்ணையும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்."

சிரிக்கிறார்களாம். ஏரித் தண்ணீரில் நின்றபடியே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை கோடையும் மணம் எந்த இடுக்கு வழியாகவோ வெளியே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. உள்ளே பூட்டிக் கிடந்தது நான் மட்டும். அந்த மனிசியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு கிண்ணம் கறி கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் முதல் வருடமே தெரிந்திருக்கும். எங்களுக்குக் கேட்கத் தெரியாது. கேட்காமலே வெட்கப்படத் தெரியும், அந்த வெட்கத்தைத் தூக்கி அடுப்படியில் நிற்பவளின் தலையில் வைக்கத் தெரியும்.

கணவர் இன்னும் முடிக்கவில்லை. நல்ல செய்தி சொல்பவரின் குரலில் சொன்னார்: "இனிப் பிரச்சினை இல்லையப்பா. அடுத்த வருஷம் நீர் வந்தா யன்னலைத் திறந்து வைச்சே சமைக்கலாமெண்டு அண்ணை சொல்லுறார்."

பழைய குருடி, கதவைத் திறவடி.

"அடுத்த வருஷம் என்னத்துக்கு?" என்றேன். "இண்டைக்கே திறக்கச் சொல்லுங்கோ. திறந்துபோட்டு அவரையே அடுப்புக்கு முன்னால நிக்கச் சொல்லுங்கோ."

போனை நிறுத்திப் பைக்குள் போட்டேன். இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போய் நின்று, இரண்டாவது ரோலையும் சாப்பிட்டேன்.